பிள்ளைகளுக்கு விறகடுப்புச் சமையல் சொல்லித் தருவது எப்படி? (கனகபுரா பக்கம், ஒரு ராத்திரி முகாம்)

பானஸ்வாடி தென்றல்:

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் 12 பேரைக் பெங்களூரை ஒட்டிய கனகபுரா ரோட்டில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறோம். ராத்திரி டென்ட்டில் தங்கல். 6 வயதில் 3 பேர், 8 முதல் 10 வரை 5 பேர், 11 முதல் 13 வரை 4 பேர். பெரியவர்கள் 4 பேர். சொந்தத் தோட்டம், உரிமையாளர் சம்மதம் தந்துவிட்டார். நடுவில் வெட்டவெளி, ஓரத்தில் சில்வர் ஓக் வரிசை, போர் தண்ணீர் உண்டு.

பிள்ளைகளே தீ மூட்டிச் சமைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் பாதிப் பேர் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, தீக்குச்சி உரசியதே கிடையாது. நடுவில் ஒரு பெரிய தீ, 10 லிட்டர் குண்டானில் எல்லாருக்கும் பொங்கல், சுற்றிப் பிள்ளைகள் என்று நினைத்திருந்தோம். இது சரியா? எந்த வயசுக்கு எந்த வேலை கொடுக்கலாம்? விறகு எவ்வளவு? எங்கே தப்பு நடக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கல் அடுப்பு:

தென்றல் மேடம், முதலில் அந்த 10 லிட்டர் குண்டானை விட்டுவிடுங்கள். பொங்கலோடு சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தப் பிள்ளையாலும் கிளற முடியாது, பெரியவர் இறக்கும்போது ஆடினால் பக்கத்தில் நிற்கிறவர் காலில்தான் கொட்டும். முகாம் சமையலில் பிள்ளைகளைச் சுடுவது பெரும்பாலும் நெருப்பு இல்லை. கொதிக்கும் தண்ணீர், ஆவி, சூடு தெரியாத பாத்திரப் பிடி. அதனால் தீயையும் சிறிசாக்குங்கள், பாத்திரத்தையும் சிறிசாக்குங்கள்.

மூன்று அடுப்பு போடுங்கள். அடுப்புக்கு அடுப்பு 6 மீட்டர் இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் நாலு பிள்ளை, ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் தீ அணையும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. நாலாவது பெரியவர் கையில் எந்த அடுப்பும் இருக்க வேண்டாம். தண்ணீர், பாத்ரூம், அழுகிற பிள்ளை எல்லாம் அவர் பொறுப்பு.

இடம்: காய்ந்த புல், இலை எல்லாவற்றையும் அடுப்பைச் சுற்றி 3 மீட்டருக்குச் செதுக்கி எடுங்கள். சில்வர் ஓக் இலை நன்றாகப் பற்றும், ஆகையால் அந்த வரிசையிலிருந்து தள்ளியே போடுங்கள். தலைக்கு மேலே கிளை, ஒயர் எதுவும் கூடாது. அப்புறம் கோலமாவு எடுத்து இரண்டு வட்டம் போடுங்கள். உள்வட்டம் அடுப்பிலிருந்து 1 மீட்டர், வெளிவட்டம் 2.5 மீட்டர். உள்ளே ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைதான். மற்றவர்கள் வெளிவட்டத்துக்கு அந்தப் பக்கம். கயிறு கட்டாதீர்கள், அதில் தடுக்கித் தீயில் விழுவார்கள். வட்டத்துக்குள் ஓடுவது, தாண்டுவது, எட்டி எதையாவது எடுப்பது மூன்றும் கிடையாது. தீ மூட்டுவதற்கு முன்பே, வெறும் அடுப்பை வைத்துப் பத்து நிமிஷம் இதைப் பழக்குங்கள்.

எப்படி உட்காருவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பாதி விபத்து அதில்தான். நம் பிள்ளைகள் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். குண்டான் சரிந்தால் கொதி தண்ணீர் நேரே மடியில் தேங்கும், எழுந்திருக்க முடியாது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் முன்னால் சாய்ந்து கையைத் தீயில் ஊன்றிவிடும். ஒரு முழங்கால் மண்ணில், இன்னொரு பாதம் தரையில் ஊன்றி இருக்கட்டும். 'பின்னால்!' என்று குரல் கொடுத்ததும் ஒரே உந்தில் எழுந்து பின்னால் போக முடிகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் நாலு தடவை செய்ய வையுங்கள்.

துணி: பருத்தி. நைலான், பாலியஸ்டர் ஜெர்சி, ஃபிளீஸ் ஸ்வெட்டர் எல்லாம் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். துப்பட்டா, தொங்கும் நாடா, பாவாடை வேண்டாம். தலைமுடி இறுகப் பின்னிக் கட்டியிருக்கணும். காலில் மூடிய ஷூ; ஹவாய் செருப்பில் ஒரு கங்கு விழுந்தால் விரலிடுக்கில் தங்கிவிடும்.

அடுப்புக்கு இரண்டு வாளி தண்ணீர், ஒரு நனைந்த கோணிப்பை. துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது: நில், படு, உருள். உருளும்போது இரண்டு கையாலும் முகத்தை மூடணும். இதையும் புல்லில் உருண்டு காட்டச் சொல்லுங்கள், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

மண்வாசம்:

செங்கல் அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்க அக்கா. விறகு, தீ மூட்டுறது பத்தி நான் சொல்றேன்.

விறகு சவுக்குதான் நல்லது. விறகுக் கடையில கேட்டு, கட்டை விரல் கனத்துலயும் மணிக்கட்டு கனத்துலயும் பிளந்து வாங்குங்க. மூணு அடுப்புக்கும் சேர்த்து 15 கிலோ போதும். கூடவே ரெண்டு பை கொட்டாங்குச்சி. தென்னை ஓலை குபுக்குனு ஆள் உயரத்துக்கு எரியும், பிள்ளைகளோட சமைக்கையில வேண்டாம். மூங்கிலைக் கணு பிளக்காம போட்டா உள்ளே காத்து சூடாகி வெடிக்கும். பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட், பழைய பேக்கிங் கட்டை எதுவும் சாப்பாட்டுத் தீயில கூடாது, புகையே விஷம். அரளிக் குச்சி விறகாவும் கூடாது, குத்திச் சுடுற குச்சியாவும் கூடாது. அரளியை நிறைய லேஅவுட்ல அழகுக்கு வளர்க்கிறாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே இலையையும் பூவையும் பிள்ளைகளுக்குக் காட்டிடுங்க.

அடுப்புக்குக் காய்ஞ்ச சுட்ட செங்கல். ஏரிக்கரை, ஓடைக் கல்லை எடுத்து வைக்காதீங்க. உள்ளே ஈரம் ஆவியாகி, தெறிச்சுக் கண்ணுல படும். கட்டட வேலைக்குப் போட்டிருக்கிற சைஸ் கல்லும் (செதுக்கின கருங்கல்) வேண்டாம், பெருந்தீயில சில்லு சில்லாப் பேரும். மூணு பக்கம் மறைச்சு, விறகு தள்ளுற வாயைக் காத்து வர்ற பக்கம் வையுங்க. அப்போ புகையும் கொழுந்தும் எதிர்ப்பக்கம் போகும். சமைக்கிற பிள்ளை ரெண்டு பக்கவாட்டுலயும் இருக்கணும். வாய்க்கு நேரேயும் கூடாது, புகை போற பக்கமும் கூடாது.

மூட்டுறது: அடியில கைப்பிடி தேங்காய் நார், மேல பென்சில் கனத்துச் சுள்ளி கூடாரமா, அதுக்கு மேல விரல் கனம். நாருக்குள்ள கற்பூரம் ரெண்டு வில்லை. கற்பூர டப்பா பெரியவர் பையிலேயே இருக்கட்டும், சின்னதுங்க கல்கண்டுனு வாயில போட்டுட்டா ஆபத்து. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் முகாமுக்கே வரக் கூடாது.

தீக்குச்சி பத்து வயசுக்கு மேல. ஒரு வாரம் முன்னாடியே வீட்டுல மெழுகுவத்தி வச்சுப் பழகட்டும். குச்சியை நடுவுல பிடிச்சு, பெட்டியை உடம்புக்கு முன்னாடி தள்ளி வச்சு, வெளிப்பக்கமா உரசணும். பயந்து தன் பக்கம் இழுக்கிற பிள்ளைக்குத்தான் பொறி சட்டையில விழும். பத்தினதும் குச்சியைக் கிட்டத்தட்டப் படுக்கையாப் பிடிக்கணும். தலை கீழே போனா கொழுந்து ஏறி விரலைத் தொடும், அப்போ எங்கேயாவது உதறிடுவாங்க. 'சுட்டா அடுப்புக்குள்ளேயே போடு'னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஊதாங்குழல் கொடுத்தா பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ரெண்டு அடி இரும்புக் குழல். ஆனா ஒரு விஷயம், குழலை வாயில வச்சபடியே மூச்சு இழுக்கக் கூடாது. சூடான புகையும் சாம்பலும் நேரே தொண்டைக்குப் போகும். தலையைத் திருப்பி மூச்சை இழு, திரும்பி ஊது, மறுபடி திருப்பு. குளிர்ந்த அடுப்புலயே இந்தத் தாளத்தைப் பழக்குங்க.

இதுல எல்லாரும் அவசரப்படுறது ஒண்ணு: கொழுந்து எரியும்போதே சமைக்க ஆரம்பிக்கிறது. வெளியே கருகும், உள்ளே வேகாது, பிடியும் சுடும். பொங்கலுக்குச் சின்னக் கொழுந்து பரவாயில்லை. சுடுறது, வாட்டுறது எல்லாம் கங்குலதான். மூட்டி முக்கால் மணி நேரம் ஆனா சவுக்குக் கங்கு மேல சாம்பல் பூத்து நிக்கும். பெரியவர் கங்குக்கு ஒரு சாண் உயரத்துல உள்ளங்கையை வச்சு எண்ணிப் பார்க்கட்டும். ரெண்டு எண்ணுறதுக்குள்ள கை இழுத்துக்கிட்டா ரொம்பச் சூடு, கங்கைப் பரப்பி விடுங்க. நாலு அஞ்சு வரைக்கும் தாங்கினா பிள்ளைகள் சமைக்கச் சரியான சூடு.

எல்லாம் முடிஞ்சதும் மேல மண்ணை அள்ளிப் போட்டு மூடிடுங்க, அவ்வளவுதான்.

ஹலசூர் வாசகர்:

மண்வாசம் தம்பி, கடைசி வரி மட்டும் மாற்ற வேண்டும். மண் போட்டு மூடினால் கங்கு அணையாது, போர்த்திக்கொண்டு தூங்கும். மறுநாள் காலை வரை கூட அடியில் சூடு இருக்கும், மேலே பார்த்தால் வெறும் மண். காலையில் வெறுங்காலோடு ஓடி வருகிற பிள்ளை அதில்தான் கால் வைக்கும். இப்படிப் பட்ட காயம் ஆழமாக இருக்கும், ஏனென்றால் மணல் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு சுடும்.

தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரே வீச்சில் கொட்டினால் சாம்பலும் ஆவியும் முகத்துக்கு எழும். ஓரத்திலிருந்து குவளை குவளையாக, பிள்ளைகள் வெளிவட்டத்துக்கு வெளியே நிற்க. குச்சியால் கிளறு, மறுபடி ஊற்று. 'சுர்' சத்தம் நின்ற பிறகு பெரியவர் புறங்கையை மேலே காட்டிப் பார்க்க வேண்டும், அப்புறம் தொட்டுப் பார்க்க வேண்டும். செங்கல்லையும் நனையுங்கள், அது ஒரு மணி நேரம் சூட்டை வைத்திருக்கும்.

அணைக்கிற வேலையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள். மூட்டத் தெரிந்து அணைக்கத் தெரியாத பிள்ளைக்குப் பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஜனவரியில் நம் பக்கம் புல் காய ஆரம்பித்திருக்கும், ஒரு பொறி போதும். சொந்தத் தோட்டம் என்பது நல்லது. சாவனதுர்கா, பன்னேருகட்டா மாதிரி வனத்துறை இடத்தில் அடுப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். கர்நாடக வனச் சட்டம் 1963-லும், சரணாலயங்களுக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லும் தடை இருக்கிறது. மலை ஏறப் போகிற வழியில் 'ஒரு டீ போட்டுக்கலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மண்வாசம்:

சரிதான் ஐயா, அந்த வரியை யாரும் எடுத்துக்காதீங்க. தண்ணிதான்.

பானஸ்வாடி தென்றல்:

ரொம்ப நன்றி. மூன்று அடுப்பு என்று மாற்றிவிட்டோம். இன்னும் சில கேள்வி. நாலு பேருக்குப் பொங்கல் அளவு என்ன? 6 வயசுப் பிள்ளைகளை முழுக்க ஒதுக்கி வைக்க மனசு வரவில்லை, அவர்களுக்கு என்ன கொடுக்கலாம்? முட்டையைச் சாம்பலில் சுடலாமா? ராத்திரி குளிர் அதிகமானால் டென்ட் வாசலில் ஒரு சட்டியில் கங்கு வைக்கலாமா?

செங்கல் அடுப்பு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடாது. டென்ட்டுக்குள்ளும் கூடாது, வாசலிலும் கூடாது, அணைந்தது போலத் தெரிகிற கங்கும் கூடாது. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, புகையும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கூடுதல் போர்வையும் காலுறையும் எடுத்துப் போங்கள்.

பொங்கல், ஓர் அடுப்புக்கு, பெரியவரோடு சேர்த்து ஐந்து பேர்: அரிசி 300 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், தண்ணீர் 1.8 லிட்டர், உப்பு இரண்டு டீஸ்பூன். பாத்திரம் 3.5 லிட்டர், அடி கனமானது, இரண்டு பக்கமும் உலோக வளையம் உள்ளது. பிளாஸ்டிக் பிடி உருகும். நான்ஸ்டிக் விறகுத் தீக்கு ஆகாது. குக்கர் வேண்டவே வேண்டாம், சூட்டைக் குறைக்க வழியில்லாத இடத்தில் அழுத்தப் பாத்திரம் எதற்கு? மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்பு நுரை பொங்கித் தீயில் விழுந்தால் சாம்பலும் ஆவியும் ஒன்றாக மேலே அடிக்கும், அந்த நேரம் குனிந்து பார்க்கிற முகம் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும், மூடியைச் சாய்த்து வையுங்கள்.

அரிசி பருப்பை அரை மணி ஊற வையுங்கள். பெங்களூர் 900 மீட்டர் உயரம், தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னைக் கணக்குக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். கொதி வந்த பிறகு 30 முதல் 35 நிமிஷம். அடி பிடிக்க ஆரம்பிப்பது கடைசிப் பத்து நிமிஷத்தில்தான். அப்போது கொழுந்தை இழுத்துவிட்டுக் கங்கை மட்டும் வைத்துக் கிளறச் சொல்லுங்கள். கரண்டி 40 சென்டிமீட்டராவது நீளம் வேண்டும். கிளறுகிற பிள்ளைக்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் கை.

பாத்திரம் இறக்குவது பெரியவர் மட்டும். துணி காய்ந்ததாக இருக்கணும், இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகள் 'நனைச்சா சுடாது' என்று நினைத்து ஈரத் துணியால் பிடிப்பார்கள். ஈரம் நொடியில் ஆவியாகி உள்ளங்கையைச் சுடும், அந்தக் கணத்தில் பாத்திரத்தை விட்டுவிடுவார்கள். ஒரு காய்ந்த துணியும் ஓர் ஈரத் துணியும் கொடுத்து, வெதுவெதுப்பான டம்ளரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஈரத் துணி வழியாகச் சூடு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

தாளிப்பை வீட்டிலேயே நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி போட்டு டப்பாவில் எடுத்துப் போய்விடுங்கள். தீயில் எண்ணெய் காய்ச்சுகிற வேலையே பிள்ளைகள் முகாமில் வேண்டாம். மீறி எண்ணெயில் தீப்பற்றினால் மூடியால் மூடணும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

மண்வாசம்:

ஆறு வயசுக்காரங்களுக்கு நிறைய வேலை இருக்கு அக்கா. சுள்ளியைப் பென்சில் கனம், விரல் கனம், மணிக்கட்டு கனம்னு மூணு குவியலாப் பிரிக்கிறது அவங்க பொறுப்பு. தீ நல்லாப் பத்துறதும் பத்தாததும் இந்தப் பிரிப்புலதான் இருக்கு, அதனால இது ஒப்புக்குக் கொடுக்கிற வேலை இல்லை. அரிசி களையலாம், மொச்சை உரிக்கலாம், ஜனவரியில மொச்சைக்காய் மலிவாக் கிடைக்கும். குச்சியில சுத்திச் சுடுற ரொட்டிக்கு மாவும் பிசையலாம்.

கோதுமை மாவு 250 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், சுமார் 140 மில்லி தண்ணி. சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமா. சுண்டு விரல் கனத்துல ஒரு சாண் நீளத்துக்குத் திரிச்சு, தோல் சீவின கொய்யாக் குச்சியில பாம்பு மாதிரி சுத்தணும். குச்சி ஒரு மீட்டர் நீளம், கட்டை விரல் கனம். கங்குக்கு ஒரு சாண் மேல, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் உருட்டிக்கிட்டே இருக்கணும். குச்சியிலிருந்து தானா நழுவி வந்தா வெந்தாச்சு. ஒட்டிக்கிட்டு வந்தா இன்னும் ரெண்டு நிமிஷம். விரலை விடக் கனமாச் சுத்தினா வெளியே கறுத்து உள்ளே பச்சை மாவா இருக்கும், அதைச் சாப்பிட விடாதீங்க. எட்டு வயசுக்காரங்க தனியாச் செய்யலாம், ஆறு வயசுன்னா பின்னாடி ஒரு பெரியவர் குச்சியைக் கூடவே பிடிச்சுக்கணும். தீப்பிடிச்சா வாயால ஊதி அணைக்கட்டும், ஆட்டக் கூடாது. எரியுற குச்சியை வீசினா பக்கத்துப் பிள்ளை முகம்தான். இதே காரணத்துக்காக மார்ஷ்மேலோ எனக்குப் பிடிக்காது. உருகின சர்க்கரை தோல்ல ஒட்டினா உதறினாலும் போகாது.

முட்டையை அப்படியே சாம்பல்ல வைக்காதீங்க, வெடிச்சுத் தெறிக்கும். பலாக்கொட்டையும் அப்படித்தான், மேல்தோலைக் கீறிட்டுப் போடணும். சாம்பல்ல சுடணும்னா சக்கரவள்ளிக் கிழங்கு. ரெண்டு விரல் கனம் உள்ளது அரை மணி, கைமுஷ்டி அளவு முக்கால் மணிக்கு மேல. இடுக்கியால எடுத்து இலையில வச்சு, பத்து நிமிஷம் யாரும் தொடக் கூடாது. தோல் ஆறிடும், உள்ளே கொதிச்சுக்கிட்டே இருக்கும். பெரியவர் பிட்டு ஆவி போக விட்டுட்டுத்தான் கொடுக்கணும்.

சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவ சோப்பும் தண்ணியும். சானிடைசர் வேண்டாம். அதுல இருக்கிற ஆல்கஹால் கையில காயுறதுக்குள்ள தீப்பக்கம் போனா பத்திக்கும், பகல் வெளிச்சத்துல அந்தக் கொழுந்து கண்ணுக்கே தெரியாது. கொசு ஸ்பிரேயும் தீப்பக்கம் அடிக்காதீங்க.

ஹலசூர் வாசகர்:

நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரியில் ஆறேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மூன்றரைக்கு மூட்டி, ஐந்தரைக்குச் சாப்பாடு, வெளிச்சம் இருக்கும்போதே அணைப்பு. இருட்டில் டார்ச் ஒரு கையில், கரண்டி ஒரு கையில் என்று பிள்ளைகளை விடக் கூடாது.

வார்டு ஆறு:

தீக்காயம் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பட்டவுடன் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம். கடிகாரம் பார்த்து 20. பிள்ளை அழுகிறது என்று இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. தோட்டத்தில் போர் குழாய் தூரமா இருந்தால், 20 லிட்டர் கேன் இரண்டை இதற்கென்று மட்டும் அடுப்புப் பக்கம் வைத்து, குவளையால் விடாமல் ஊற்றுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், மஞ்சள், நெய், இங்க் எதுவும் வைக்காதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு உடனே கழற்றணும், வீங்கினால் வராது. ஒட்டின துணியைப் பிய்க்க வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். காயத்தை மட்டும் குளிரவைத்து, மற்ற உடம்பைப் போர்வையால் மூடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் உடம்பு சில்லிட்டுவிடும். பிறகு சுத்தமான சமையலறைப் பிளாஸ்டிக் தாளை (கிளிங் ஃபிலிம்) காயத்தின் மேல் நீளவாக்கில் பரப்புங்கள், சுற்றி இறுக்கக் கூடாது.

பிள்ளையின் சொந்த உள்ளங்கை அளவை விடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் இவற்றில் எந்த அளவு காயமானாலும் மருத்துவமனைக்குத்தான். 108-க்குக் கூப்பிடுங்கள், 112-ம் வேலை செய்யும். மார்க்கெட் பக்கத்து விக்டோரியா மருத்துவமனையில் தனித் தீக்காயப் பிரிவு இருக்கிறது. ஆனால் கனகபுரா ரோட்டிலிருந்து சனிக்கிழமை சாயங்கால டிராஃபிக்கில் நேரம் பிடிக்கும். தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனை 24 மணி நேரமும் திறந்திருக்கிறது என்று இப்போதே கேட்டு, எண்ணை நாலு பெரியவர் போனிலும் போட்டு வையுங்கள். தோட்டத்தில் சிக்னல் வருகிறதா என்பதையும் ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

பானஸ்வாடி தென்றல்:

வருகிற ஞாயிறு தோட்டத்துக்குப் போய் சிக்னல், போர் குழாய் தூரம், காற்று வரும் பக்கம் மூன்றையும் பார்த்துவிட்டு வருகிறேன். பாத்திரத்தின் அடிக்கரியைத் தேய்க்க ஏதாவது வழி?

மண்வாசம்:

அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி பாத்திரத்தோட வெளிப்பக்கம் முழுக்கச் சாம்பலைத் தண்ணியில குழைச்சுப் பூசிடுங்க, விளிம்புக்கு ரெண்டு விரல் கீழே வரைக்கும். காய்ஞ்சதும் ஏத்துங்க. கரி அந்தப் பூச்சு மேல படியும், கழுவும்போது அதோட சேர்ந்தே வந்துடும். இந்த வேலையும் ஆறு வயசுக்காரங்களுக்குத்தான்.